மறு: வாசனைத் திரவியத்தின் ‘பர்சனாலிட்டி’: மணச்சாயல்

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

> வெண்மலர் வாசனைகளைப் பற்றி எழுதும்போது, அது எப்படிப்பட்ட ஆளை நினைவூட்டுகிறது என்றும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு ‘மண ஆளுமை’ சரியாக வருமா?

எனக்கு ‘ஆளுமை’ ஒப்பவில்லை. ஆளுமை ஒரு மனிதரிடம் இருப்பது. குப்பிக்குள் இருக்கும் திரவம், முகர்கிறவர் மனத்தில் யாரோ ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த யாரோ ஒருவர் முகர்கிறவர் வளர்ந்த ஊரைப் பொறுத்து மாறுகிறார். நாம் வைக்கும் சொல் அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். அதனால் ‘மணச்சாயல்’ என்று முன்மொழிகிறேன். ‘அப்படியே அவங்க அத்தை சாயல்’ என்று குழந்தையைப் பார்த்துச் சொல்கிறோமே, அந்தச் சாயல்தான். அத்தையைத் தெரிந்தவருக்குத்தான் அது தெரியும்.

‘வெண்மலர்’ என்ற வகைப்பெயரில் எனக்குத் தகராறு இல்லை. மல்லி, பிச்சி, சம்பங்கி (டியூப்ரோஸ்), கார்டீனியா, ஆரஞ்சுப்பூ ஆகியவை இதில் அடங்கும். நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்ததல்ல என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வெள்ளைச் சாமந்தியை யாரும் இதில் சேர்ப்பதில்லை.

இந்தப் பூக்கள் ஏன் ஒரு ஆளையே எதிரில் நிறுத்துகின்றன என்பதற்கு இண்டோல் என்ற வேதிப்பொருள் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை வாடையும் மலவாடையும் அடிக்கும். நம் குடலில் நுண்ணுயிர்கள் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது உண்டாவதும் இதே பொருள்தான். மிகக் கொஞ்சமாகக் கலந்தால் பூவுக்கு உயிர் வந்துவிடுகிறது. தித்திப்புக்கு அடியில் ஓர் உடம்பின் வாடை இருப்பதால்தான், சந்தனத்தை முகரும்போது வராத மனித நினைப்பு மல்லியை முகரும்போது வருகிறது.

இனி சொல்லைச் சோதித்துப் பார்ப்போம். 1948இல் ரோபேர் பிகே என்ற பாரிஸ் ஆடை நிறுவனத்துக்காக ஜெர்மேன் செல்லியே என்ற பெண் சம்பங்கியை நடுவில் வைத்து ‘ஃப்ராகாஸ்’ என்ற வாசனைத் திரவியத்தைச் செய்தார். அதைப் பற்றி எழுதும் மேல்நாட்டார் பலர், விருந்துக்கு உடுத்திக்கொண்டு வந்து எல்லார் கண்ணையும் தன் பக்கம் திருப்பும் பெண்ணைக் காட்டுகிறார்கள். சரி, அது அவர்கள் கண்ட சாயல். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பூ வாங்கிப் பழகியவரிடம் அதே குப்பியை நீட்டுங்கள். சம்பங்கி இங்கே முதலில் மாலைப்பூ. கல்யாண மாலை, சாமி மாலை, சாவு மாலை மூன்றிலும் அது உண்டு. அவர் மனத்தில் மாப்பிள்ளை வரலாம். போன மாதம் இறந்துபோன பெரியப்பாவும் வரலாம். இரண்டையும் ‘ஃப்ராகாஸின் ஆளுமை’ என்று ஒரே தலைப்பில் எழுத முடியாது. ‘ஃப்ராகாஸ் தரும் மணச்சாயல்கள்’ என்று எழுதலாம்.

மல்லியும் அப்படித்தான். பறித்த பிறகும் மல்லி மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் ஊரில் கொழுப்பு பூசிய கண்ணாடித் தட்டில் பூவைப் பரப்பி மணம் இறக்கியது இந்தக் குணத்தை நம்பித்தான். காலையில் மொட்டாக வாங்கிக் கட்டிய சரம் சாயங்காலம் தலையில் மலர்வதும் இதனால்தான். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் அந்த மணம் சிறுமிக்கும் உண்டு, பாட்டிக்கும் உண்டு. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஜும்மாவுக்குக் கிளம்பும் ஆண்கள் அத்தர் நனைத்த பஞ்சைக் காது மடிப்பில் செருகிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் வளர்ந்தவருக்கு மல்லி அத்தரின் சாயல், குளித்து வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்ட அப்பா. வெண்மலர் என்றாலே மயக்கும் பெண் என்று கலைச்சொல் தொகுப்பில் எழுதிவைத்தால் இவர்கள் எல்லாரும் விடுபட்டுப் போவார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பூவைத் தாண்டியும் சொல் நிற்கிறதா? இதே செல்லியே 1944இல் தோல் வாசனையை வைத்து ‘பேண்டிட்’ செய்திருக்கிறார். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி வேலைக்குப் போனவர் வீட்டில் தோல் வாசனைக்கு என்ன சாயல், குதிரைச் சேணமும் கையுறையும் பார்த்து வளர்ந்தவருக்கு என்ன சாயல்? இங்கேயும் சொல் இடிக்காமல் உட்காருகிறது.

> ‘வாசக்குணம்’ இன்னும் எளிமையாக இல்லையா?

எளிமைதான், ஆனால் ‘குணம்’ ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் குணபாடம் என்றால் பொருள்களின் மருந்துத் தன்மை. வாசக்குணம் என்றதும் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பொருளுக்கே அதை ஒதுக்கிவைப்பது நல்லது.

‘மணம்’ கல்யாணத்தையும் குறிக்குமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் மணப்பொருள், நறுமணம் எல்லாம் குழப்பமில்லாமல் புழங்குகின்றன. பழைய இலக்கணத்தில் சாயலுக்கு மென்மை என்று பொருள் உண்டு. இன்றைய வழக்கில் ஒப்புமைதான் முன்னே நிற்கிறது. எங்கள் பக்கம் ‘ஜாடை’ என்றும் சொல்வோம், அதற்குச் சைகை என்ற பொருளும் இருப்பதால் தள்ளிவைத்தேன்.

வரையறை இப்படி இருக்கலாம்:

மணச்சாயல்: ஒரு மணம், அதை முகர்பவரின் மனத்தில் எழுப்பும் ஆளின் தோற்றமும் இயல்பும். யாருடைய மூக்கு, எந்த ஊர் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

‘ஆளுமை’யே வேண்டும் என்பவர்கள், சம்பங்கியையோ மல்லி அத்தரையோ வைத்து ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.