மறு: கிளேசிங் = மெருகூட்டல்? எனக்கு உடன்பாடில்லை

வணக்கம்.

மீன் பதன ஆலைக்கான சொற்பட்டியல் பார்த்தேன். பெரும்பாலும் நன்றாகவே வந்திருக்கிறது, உறைந்த மீன்மேல் மெல்லிய பனி ஏடு பிடிக்க வைக்கும் கிளேசிங்குக்கு (glazing) 'மெருகூட்டல்' என்று போட்டிருப்பதுதான் இடிக்கிறது. மெருகூட்டல் பீங்கானுக்குப் பொருந்தும், அங்கே பளபளப்பு வேண்டும். உறையவைத்த இறாலும் பளபளக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தப் பளபளப்புக்காக யாரும் அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பதில்லை.

மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்கில் கிடக்கும் மீனிலிருந்து ஈரம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் பனிக்கட்டி உருகாமல் நேராக ஆவியாகிவிடுகிறது, பள்ளியில் பதங்கமாதல் என்று படித்தோமே அதேதான். மேற்பரப்பு வெளுத்துப் பஞ்சு மாதிரி ஆகும், கொழுப்பு அதிகமுள்ள மீனில் காற்றுப் பட்டுக் காறலும் வந்துவிடும். உறைந்த மீனை நன்றாகக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் முக்கினாலோ, மேலே தெளித்தாலோ, மெல்லிய பனி ஏடு பிடிக்கும். அப்புறம் காய்வதென்றால் முதலில் அந்த ஏடு காயும், மீன் தப்பிக்கும். தேய்வதற்கென்றே போட்டுவிடுகிற சட்டை அது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. நீங்கள் இணைத்திருந்த ஆலை வரைபடத்தில் 'மெருகூட்டும் பகுதி' சிப்பம் கட்டும் அறைக்குப் பின்னால், ஒரு மூலையில் இருக்கிறது. சொல்லைப் பார்த்து, கடைசியில் செய்யும் ஒப்பனை வேலை என்று வரைந்தவர் நினைத்திருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் மீனை முக்கும் தொட்டி உறைவிப்பானை ஒட்டி, சிப்பம் கட்டுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். நீர் பட்டதும் மீனின் வெப்பநிலை சற்று ஏறிவிடும் என்பதால், தொட்டிக்குப் பிறகு மறுபடி உறையவைக்கவும் இடம் ஒதுக்க வேண்டும். கிடங்குக்குள் போனால் தானே இறுகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது, கிடங்கு உறைந்ததை உறைந்தபடி வைத்திருக்கத்தான், உறையவைக்க அல்ல.

என் பரிந்துரை: பனிப்பூச்சு.

முதலில் 'பனியுறை' என்று யோசித்தேன். கேட்க அழகுதான், ஆனால் உறை என்பது மூடுவதா உறைவதா என்று குழம்பும், ஏற்கெனவே உறைவிப்பான், உறைநிலை என்று பட்டியல் முழுக்க உறை. 'பூச்சு என்றால் கையாலோ தூரிகையாலோ பூசுவதல்லவா' என்று கேட்பீர்கள். முலாம் பூச்சுக்கும் பொருளைக் கரைசலில் முக்கித்தானே எடுக்கிறோம், அங்கே யாரும் தூரிகை தேடுவதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. கிடங்கில் ஈரக் காற்று புகுந்து மீன்மேல் தானாகப் படியும் வெண்பனியைப் 'பனிப்படிவு' என்று பிரித்துச் சொல்லிவிடலாம். பூச்சு நாம் வேண்டுமென்று செய்வது, படிவு நம்மை மீறி நடப்பது. ஆலையில் ஒன்று வேலை, மற்றது கோளாறு, இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் பதிவேட்டில் வம்பு.

வினையாகவும் எளிதாக வரும்: பனிப்பூச்சு இடு, பூச்சு நீக்கு. பூச்சின் அளவு எடையில் 5 முதல் 10 விழுக்காடு என்பது வழக்கம், சின்ன இறாலில் பரப்பு அதிகம் என்பதால் இன்னும் ஏறும். தண்ணீரை மீன் விலைக்கு விற்கிற ஏமாற்றும் இங்கேதான் நுழைகிறது. அதனால்தான் பன்னாட்டு உணவுத் தரங்களான கோடெக்ஸ் தரங்கள் நிகர எடையில் இந்தப் பூச்சைச் சேர்க்கக் கூடாது என்கின்றன. 'பூச்சு நீங்கலான எடை' என்று சிப்பத்தில் அச்சிட்டால் வாங்குபவருக்குப் புரியும், 'மெருகு நீங்கலான எடை' என்றால் என்ன புரியும்?

கூடவே ஃப்ரீசர் பர்னுக்கு, அதாவது மேலே சொன்ன, மீன் வெளுத்துப் பஞ்சு மாதிரி காய்ந்துபோவதற்கு, பட்டியலில் இருக்கும் 'உறைகருகல்' என்பதையும் எடுத்துவிடலாம். அங்கே எதுவும் கருகவில்லை, காய்கிறது. 'உறைவறட்சி' எப்படி? மேலே உறை வேண்டாம் என்று சொன்னவனே இப்போது அதைக் கொண்டுவருகிறேன், தெரிகிறது. 'பனிவறட்சி' என்றும் பார்த்தேன், பனி பெய்யாத ஊர் மாதிரி ஒலிக்கிறது. வேறு நல்லது தோன்றினால் சொல்லுங்கள், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.