"98 சதவீதம் இவர் குரல்தான்" என்று சொல்ல யாருக்கு உரிமை? தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களில் குரல் பதிவு: ஒரு விவாதம்

குமரேசன், சாட்ஸ்வொர்த்

கோயில் நிர்வாகத் தகராறு ஒன்றில் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் சாட்சியாக வந்து நிற்கிறது. எந்தக் கோயில், யார் என்பது இங்கே வேண்டாம். கோயில் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லி வயதான நிர்வாகி ஒருவர் ஆங்கிலத்தில் பேசியதாகக் குற்றச்சாட்டு. "அது என் குரலே இல்லை" என்கிறார் அவர். எதிர்த்தரப்பு ஒரு தனியார் ஆய்வகத்தில் அறிக்கை வாங்கி வந்திருக்கிறது. மொத்தம் இரண்டு பக்கம், முடிவு ஒரே வரி: "98 சதவீதம் இவருடைய குரல்." எந்த மென்பொருள், யார் யார் குரலில் அதைச் சோதித்தார்கள், எவ்வளவு தப்பு வரும், எதுவுமே இல்லை.

என் கட்சி இதுதான். அங்கீகாரம் இல்லாத ஆய்வகத்தையும், நம் ஊர்ப் பேச்சில் சோதித்துப் பார்க்காத முறையையும் நீதிமன்ற வாசலிலேயே நிறுத்த வேண்டும். மருந்துக்கடை வைக்கவே உரிமம் கேட்கிறோம். ஒரு மனிதரின் மானத்தைத் தீர்மானிக்கிறவருக்கு ஒன்றும் வேண்டாமா?

இந்தத் துறை ஒருமுறை சறுக்கிய துறை என்பதையும் மறக்கக் கூடாது. 1962ல் பெல் ஆய்வகத்தின் லாரன்ஸ் கெர்ஸ்டா, குரலுக்கும் கைரேகை மாதிரி ஒரு படம் உண்டு, அதை வைத்து 99 சதவீதத்துக்கு மேல் சரியாக ஆளைச் சொல்லலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் நம்பின. 1979ல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஆராய்ந்து பார்த்து, உண்மையான வழக்குகளின் நிலைமையில் அந்தத் துல்லியத்துக்கு ஆதாரம் போதாது என்றது. 2007ல் தடயவியல் ஒலியியலாளர்களின் சர்வதேசச் சங்கமே குரல்ரேகை முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று தீர்மானம் போட்டது. இடையில் தண்டனை பெற்றவர்களுக்கு அந்தத் தீர்மானத்தால் என்ன பயன்?

வாணி, வழக்கறிஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

குமரேசன் அண்ணா, அந்த அறிக்கை குப்பை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கேட்கிற வாசற்காவல் ஆபத்தானது.

இந்தச் சண்டை நம் நாட்டில் பழையது. 1985ல் எங்கள் ஊரிலேயே நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியின் தலைவர்கள் மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. மேவா ராம்கோபின், எம்.ஜே. நாயுடு, ஆல்பர்ட்டினா சிசுலு உட்பட 16 பேர். பொதுக்கூட்டங்களில் எடுத்த ஒலி, ஒளி நாடாக்களை அரசு நம்பியிருந்தது. மூலப் பதிவு வேண்டும், யாரும் அதில் கை வைக்கவில்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்றார் நீதிபதி மில்ன். அந்த ஆண்டு டிசம்பரில் 12 பேர் மீதான குற்றச்சாட்டை அரசு திரும்பப் பெற்றது. அடுத்து, அந்த முன்னணியினர் சிலர் மீது நடந்த டெல்மாஸ் வழக்கில் நீதிபதி வான் டைக்ஹோர்ஸ்ட் நேர்மாறாகச் சொன்னார்: நாடா ஒரு பொருட்சான்று, வழக்குக்குத் தொடர்பு இருந்தால் உள்ளே வரட்டும், மூலமா நகலா என்பதை எடைபோடும்போது பார்த்துக்கொள்ளலாம். மின்னணுத் தகவலைப் பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது. எப்படி உருவானது, எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்று பார்த்து எடைபோட வேண்டும்.

இப்போது என் கட்சிக்காரர்களைப் பாருங்கள். தொழிற்சாலையில் சீட்டுக் கிழிக்கப்பட்ட ஒரு பெண். சூப்பர்வைசர் மிரட்டியதைத் தன் போனில் பதிந்து வைத்திருக்கிறார். தான் பேசிய பேச்சைத் தானே பதியலாம் என்று ஒட்டுக்கேட்பை ஒழுங்குபடுத்தும் 'ரிக்கா' சட்டம் அனுமதிக்கிறது. அவர் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முத்திரை இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றால் அவர் எங்கே போவார்? அங்கீகாரம் வாங்கக் காசு வேண்டும். காசு இருப்பது அரசிடமும் முதலாளியிடமும்.

குமரேசன், சாட்ஸ்வொர்த்

வாணி, நீங்கள் சொன்ன முதல் வழக்கு என் பக்கம்தானே பேசுகிறது? வாசலில் கண்டிப்பு இருந்ததால்தான் அரசின் நாடா தடுமாறியது. எளியவருக்குக் கதவு அகலமாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். அதே கதவு வழியாகத்தான் அந்த 98 சதவீதமும் வந்தது.

2013ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஜிம்மர்மேன் என்பவர் மீதான கொலை வழக்கில் என்ன நடந்தது? அவசரத் தொலைபேசிப் பதிவில் தூரத்தில் கேட்ட அலறல் யாருடையது என்று சொல்ல அரசுத் தரப்பு நிபுணர்கள் தயாராக இருந்தார்கள். அந்த முறைகளுக்கு அறிவியல் ஏற்பு இல்லை என்று நீதிபதி ஜூரியிடம் போகும் முன்பே தடுத்துவிட்டார். உள்ளே விட்டுவிட்டு எடைபோடச் சொல்லியிருந்தால், 'நிபுணர்' என்ற பட்டமே பாதி எடையைக் கூட்டியிருக்கும்.

ரவி, டர்பன்

நீங்கள் இருவரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வானொலியில் நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்து ஒலிப்பொறியாளன். பழகிய காது இல்லாமல் எந்தச் சான்றிதழும் உதவாது.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு வீட்டு முற்றத்தில் எடுத்த பதிவை ஒருவர் என்னிடம் கொண்டு வந்தார். பேச்சு சீராகத்தான் ஓடியது. பணம் பற்றிய வாக்கியம் வந்த இடத்தில், பின்னால் கத்திக்கொண்டிருந்த மைனா பாதிக் கூவலில் நின்றது. பேசியவர் மூச்சு இழுத்த சத்தமும் நடுவிலிருந்து தொடங்கியது. பிறகு ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் பறவைக் கூவலின் வளைவு செங்குத்தாக அறுந்து நிற்கிறது. எந்த மென்பொருளும் எனக்கு அங்கே பார் என்று சொல்லவில்லை. நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள், எங்கே மூச்சு விடுவார்கள் என்று தெரிந்த காது சொன்னது.

மெய்யொலி, ஒலியியல் ஆய்வாளர், டர்பன்

ரவி ஐயா, உங்கள் காது பிடித்த இடம் சரியான இடம். ஆனால் அதை மட்டும் வைத்து 'வெட்டு' என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்றைய போன்கள் பின்னணி இரைச்சலைத் தாமாகவே அமுக்குகின்றன. ஆள் பேசும்போது மைனா கேட்கும், பேச்சு நின்றதும் மைனாவும் காணாமல் போகும். அதே மாடல் போனில், அதே செயலியில், அதே முற்றத்தில் சோதனைப் பதிவு எடுத்து, அமுக்கும்போது ஒலி எப்படித் தேய்கிறது, வெட்டும்போது எப்படி அறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுத முடியும்.

இன்னொன்று. பதிவில் கை வைத்தார்களா என்பது ஒரு வேலை. பேசியது யார் என்பது முற்றிலும் வேறு வேலை. கோயில் வழக்கில் இருப்பது இரண்டாவது. அங்கேதான் '98 சதவீதம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு குரல்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது பாதிக் கேள்விதான். அந்த ஒற்றுமை இந்த ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது மீதிப் பாதி. ஆங்கிலச் சொல்லில் வருகிற 'ட்' ஒலியை நாக்கு நுனியை மடித்துச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பெரியவர்கள் பலரிடம் கேட்கலாம். தென்னாப்பிரிக்க இந்தியரின் ஆங்கிலத்தைப் பற்றி ராஜேந்த் மேஸ்திரி போன்ற மொழியியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கத் தொலைபேசிப் பேச்சில் பழகிய மென்பொருளுக்கு அந்த 'ட்' ஓர் அபூர்வ அடையாளமாகத் தெரியும். "ஆள் இவரேதான்" என்று எண்ணைக் கூட்டிக் காட்டும். இந்தியர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் அந்த வயதுக்காரர்களை வரிசையாக உட்காரவைத்தால் அந்த அபூர்வம் கரைந்துபோகும். அதனால்தான் இப்போது துறையில் இருப்பவர்கள் இரண்டு கேள்விகளின் விகிதமாக முடிவைச் சொல்கிறார்கள்: பேசியவர் இவர்தான் என்றால் இப்படி ஒரு பதிவு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, இதே சமூகத்தில் வேறொருவர் என்றால் எவ்வளவு வாய்ப்பு. ஐரோப்பியத் தடயவியல் நிலையங்களின் கூட்டமைப்பு 2015ல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த முறையில்தான் எழுதச் சொல்கிறது. "இவரா இல்லையா" என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை.

கருவியும் குரலை மாற்றும். மொபைல் வழியாக வந்த குரலில் உயிரொலிகளின் முதல் ஒத்ததிர்வு (வாய்க்குள் ஒலி வலுப்பெறும் அதிர்வெண்) சராசரியாக 29 சதவீதம் உயர்ந்து தெரிகிறது என்று பர்ன், ஃபவுல்க்ஸ் இருவரும் 2004ல் காட்டினார்கள். வாய்ஸ் நோட்டை நேரில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டார்கள் என்றால் அந்த ஆய்வகம் போனைத்தான் அளந்திருக்கிறது.

காது பற்றி: நியூசிலாந்தில் தன் குடும்பத்தைக் கொன்றதாக வழக்கில் சிக்கிய டேவிட் பெய்ன் 1994ல் அவசர உதவிக்குப் பேசிய பதிவில், மூச்சிரைப்புக்கு நடுவே "சுட்டேன்" என்ற ஒப்புதல் இருப்பதாகப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்கள். அந்தப் பகுதியை ஜூரிக்குப் போடக்கூடாது என்று 2009ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹெலன் ஃப்ரேசர் குழு பின்னர் சோதித்துப் பார்த்தபோது, முன்கூட்டிச் சொல்லாதவரை யாருக்கும் அந்த வாக்கியம் கேட்கவில்லை. சொன்ன பிறகு பலருக்குக் கேட்டது. பழகிய காதும் காதுதான், ஐயா. வழக்கின் கதையை அறியாமல் முதலில் கேட்க வேண்டும்.

ரவி, டர்பன்

போன் தானாக இரைச்சலை அமுக்கும் என்ற உங்கள் பேச்சை ஏற்கிறேன் அம்மா. சான்றிதழை மட்டும் என்னால் ஏற்க முடியாது. காரணம் கேளுங்கள்.

மின்வலையின் அதிர்வெண்ணை வைத்துப் பதிவைச் சோதிக்கிற முறை தெரியும் அல்லவா? ருமேனியாவின் கட்டாலின் கிரிகோராஷ் வளர்த்தது. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றாலும் நொடிக்கு நொடி சற்றே ஏறி இறங்கும். ஃபிரிட்ஜ், டியூப்லைட் எழுப்பும் ரீங்காரத்தோடு அந்த ஏற்ற இறக்கமும் பதிவில் ஏறிக்கொள்ளும். மின்வலையின் பதிவேட்டோடு பொருத்தினால் எப்போது எடுத்தது, நடுவில் வெட்டினார்களா என்று தெரியும். லண்டன் காவல்துறை இதற்காகவே பதிவேடு வைத்திருக்கிறது.

அந்த முறையில் லண்டனில் தேறிய ஒருவரை இங்கே கூட்டி வாருங்கள். 2022, 2023ல் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெடிங் காலத்துப் பதிவைக் கையில் கொடுங்கள். வீடு இன்வெர்ட்டரில் ஓடியிருக்கும். இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு அசையாமல் 50 ஹெர்ட்ஸ் கொடுக்கும். அரசு மின்நிறுவனமான எஸ்காமின் ஏற்ற இறக்கத்தோடு அது எந்த நாளிலும் பொருந்தாது. நடுவில் கரண்ட் வந்திருந்தால் ரீங்காரம் சட்டென்று மாறும். "பதிவில் கை வைத்திருக்கிறார்கள்" என்று எழுதிவிடுவார். சான்றிதழ் சுவரில் தொங்கும், தப்பு அறிக்கையில் இருக்கும்.

குமரேசன், சாட்ஸ்வொர்த்

ரவி அண்ணா, நான் முதலிலேயே கேட்டது இதைத்தானே: நம் ஊரில் சோதித்த முறை வேண்டும். வெளியூர் முத்திரை போதும் என்று நான் சொல்லவில்லை. இன்வெர்ட்டரில் எடுத்த பதிவுகளை அந்த லண்டன்காரருக்கு முன்கூட்டியே தேர்வாக வைத்திருந்தால் அவர் அங்கேயே தோற்றிருப்பார், ஒரு மனிதரின் வழக்கில் தோற்றிருக்க மாட்டார்.

தேவி, தோங்காட்

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. இப்போது இல்லாத குரலையே உண்டாக்குகிறார்களே? 2024ல் அமெரிக்காவில் மேரிலாந்து பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் இனவெறியோடு பேசியதாக ஓர் ஆடியோ பரவி, அவருக்குக் கொலை மிரட்டல் வரை போனது. செயற்கை நுண்ணறிவில் செய்த போலி என்று மாதங்கள் கழித்துத்தான் போலீஸ் அறிவித்தது. நம் கோயில் பெரியவருக்கும் அப்படி நடந்திருந்தால்?

மெய்யொலி, ஒலியியல் ஆய்வாளர், டர்பன்

தேவி அக்கா, நடந்திருக்கலாம். போலியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களுக்கும் அதே நோய்தான்: தாம் பழகிய போலிகளைப் பிடிக்கும், புதிய கருவியில் செய்ததையும் வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்ததையும் கோட்டை விடும்.

ஆகவே குமரேசன் அண்ணா கேட்பது நடக்க வேண்டுமானால், நம் ஆட்களின் பேச்சுத் தொகுப்பு ஒன்று வேண்டும். இந்நாட்டின் 11 மொழிகளுக்கு என்.சி.எச்.எல்.டி. என்ற பேச்சுத் தொகுப்பு இருக்கிறது. அது வாசித்த பேச்சு. வழக்குக்கு வருவதோ சண்டை, கிசுகிசு, அழுகை. ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பெரியவர்கள் இயல்பாகப் பேசுவதை, போனிலும் நேரிலும், வேறு வேறு நாட்களில் பதிய வேண்டும். ஒரே ஆளின் குரல் நாளுக்கு நாள் எவ்வளவு மாறும் என்று தெரியாமல் இரண்டு ஆட்களை எப்படிப் பிரிப்பது?

வாணி, வழக்கறிஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மெய்யொலி, அந்தத் தொகுப்பு யார் கையில் இருக்கும்? இதைக் கேட்காமல் விடமாட்டேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குரலால் அடையாளம் காண்பதையும் கைரேகை, மரபணுவோடு சேர்த்தே வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் பாதுகாப்புப் போலீஸ் போன் ஒட்டுக்கேட்ட காலத்தை என் அப்பா இன்னும் பேசுகிறார். சமூகத்தின் குரல்களைச் சேர்த்து வைத்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து அதில் ஆள் தேடுகிறார்கள் என்றால் நாம்தான் கொடுத்தோம் என்றாகும். பெயர் நீக்கி, பல்கலைக்கழகத்தில், முறையைச் சோதிக்க மட்டும், எந்தத் தனி வழக்கிலும் ஆளைத் தேடக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு என்றால் நானே எழுதித் தருகிறேன். போலீசுக்கும் எதிர்வாதிக்கும் ஒரே மாதிரி அனுமதி.

குமரேசன் அண்ணா, வாசற்காவலை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் உங்கள் பெரியவருக்கு அது தேவையும் இல்லை. நிபுணர் முடிவை மட்டும் சொன்னால் போதாது, எந்தக் காரணத்தால் அங்கே வந்தார் என்பதையும் காட்ட வேண்டும் என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது. அந்த இரண்டு பக்க அறிக்கையை அதை வைத்தே கேள்வி கேட்கலாம். முதலில் மூலக் கோப்பு இருக்கிற போனையே கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். கைமாறி வந்த ஃபார்வர்டு வேண்டாம். ஆய்வகம் எந்த மாதிரிக் குரலோடு ஒப்பிட்டது, அதை எதில் பதிந்தது, மென்பொருளை யார் பேச்சில் சோதித்தது, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். விசாரணைத் தேதி எப்போது என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மெய்யொலிக்கு வழக்கின் கதை எதுவும் சொல்லாமல் கோப்பை மட்டும் அனுப்புங்கள்.