மறு: ‘கட்டிங் ஹார்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> வெட்டுக்குதிரை என்றே வைத்துவிடலாமே. நேரடியாக இருக்கிறது.

வேண்டாம் ஐயா, படிப்பவர் கறிக்கடைப் பக்கம் போய்விடுவார். இந்தக் குதிரை மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து வெளியே கொண்டுவருகிறது. அது திரும்ப ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளாதபடி குறுக்கே நிற்கிறது. வேலை அவ்வளவுதான்.

அமெரிக்காவில் டெக்சஸ் பக்கம் வேலியில்லாத மேய்ச்சல் காடுகளில் பல பண்ணைகளின் மாடுகள் கலந்து திரியும். சூடு போட வேண்டிய கன்று, சீக்குப் பிடித்த பசு என்று ஒவ்வொன்றாக உருவி எடுக்கத்தான் இந்தக் குதிரைகளைப் பழக்கினார்கள். இன்று இது பெரிய போட்டி. 1946இல் ஃபோர்ட் வொர்த்தில் இதற்கென்றே தேசியச் சங்கம் தொடங்கினார்கள். ஒருவருக்கு இரண்டரை நிமிடம். மாடு தனியானதும், ஏறியிருப்பவர் கடிவாளக் கையைக் குதிரையின் கழுத்தருகே தாழ்த்திவிட வேண்டும். அப்புறம் கடிவாளத்தை இழுத்துத் திருப்பினால் புள்ளி குறையும். குதிரை முன்னுடம்பைத் தரையோடு தாழ்த்தி, மாட்டின் முகத்துக்கு நேரே முகம் வைத்து நிற்கும். மாடு இடப்பக்கம் துள்ளினால் இதுவும் துள்ளும். ஏமாந்து மாட்டை மந்தைக்குள் விட்டால் 5 புள்ளி போச்சு.

> மறிகுதிரை?

ஓசை நன்றாக இருக்கிறது, குறுக்கே மறிப்பதும் உண்மைதான். ஆனால் நம் தென்மாவட்டங்களில் கிடை மறிப்பதென்றால் ஆடுகளை வயலில் ஒன்றாக அடைப்பது. இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர்.

ஆநிரை என்று தொடங்கும் சொல்லும் ஒத்துவராது. பழந்தமிழ்ப் போர்த்திணைகளில் வெட்சியில் நிரையையே, அதாவது மாட்டுமந்தையையே, ஓட்டிப் போகிறார்கள், கரந்தையில் மீட்கிறார்கள். ஒற்றை மாட்டைப் பிரிக்கும் பேச்சு அங்கே இல்லை.

என் ஓட்டு ‘மாடுபிரி குதிரை’க்கு. தை மாதமானால் மாடுபிடி வீரர் என்று படித்துப் பழகியவர்களுக்கு இது தடுக்காது. போட்டியை ‘மாடுபிரிப்பு’ எனலாம். ஒரே வில்லங்கம், தட்டச்சில் ‘ரி’ போய் ‘டி’ விழுந்தால் குதிரை சல்லிக்கட்டில் இறங்கிவிடும்! மெய்ப்புப் பார்ப்பவர்கள் கவனிக்கட்டும்.

> ‘கௌ சென்ஸ்’ – மாட்டறிவு

இதில் எனக்கு உடன்பாடில்லை. மாட்டுக்கு இருக்கும் அறிவு என்றல்லவா படுகிறது? மாடு எந்தப் பக்கம் பாயப்போகிறது என்பதைக் குதிரை முன்கூட்டியே கண்டுகொள்கிற சாமர்த்தியம் அது. ‘போக்கறிவு’ என்று வைத்தால் மாடு காணாமல் போய்விடுகிறது. கால்நடை மருத்துவம் படித்த நண்பர்கள் யாராவது சொல்லுங்களேன்.