நல்ல பீட்சா கடை எது? சாப்பிட்ட அனுபவத்தோடு சொல்லுங்கள்

ஈரமாவு:
விறகடுப்புக் கடைதான் ஊரிலேயே முதலிடம் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். மார்கரீட்டா வந்தது, ஓரமெல்லாம் நன்றாக உப்பியிருந்தது. அவர் ஒரு துண்டை எடுத்தார். நுனி தொங்கி, தக்காளிச் சாறு வழிந்து சட்டைக் கையில் கொட்டியது. "நடுவுல வேகவே இல்ல, திருப்பி அனுப்புங்க" என்றார். தட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் பீட்சா போடுகிறவரே வெளியே வந்துவிட்டார், கை முழுக்க மாவோடு. அதே பீட்சாவை மேசையில் வைத்து, ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். அடியெல்லாம் கறுப்புப் புள்ளி. "இதுக்கு மேல வெச்சா கரியாயிடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நண்பர் அதைத் தொடவில்லை. நான் சாப்பிட்டேன், பிடித்திருந்தது. ஆனாலும் உறுத்துகிறது. காசு கொடுத்தவர் பசியோடு எழுந்து போனால் அது என்ன நல்ல கடை?

நாப்போலிப் பிரியன்:
கடைக்காரர் பக்கம்தான் நியாயம். அது நாப்போலி பீட்சா, அதாவது இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊர் வகை, நடுவில் ஈரமாகத்தான் இருக்கும். அங்கே 1984-இல் தொடங்கிய பீட்சா சங்கம் இதற்கென்று விதியே எழுதி வைத்திருக்கிறது: 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும், குறுக்களவு 35 செ.மீ.யைத் தாண்டக்கூடாது, ஓரம் ஒன்றிரண்டு செ.மீ. உயரம் எழும்ப வேண்டும். இவ்வளவு குறைந்த நேரத்தில் தக்காளித் தண்ணீர் எப்படி வற்றும்? 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கைத்தொழிலைத்தான். அங்கே பலர் கத்தி, முள்கரண்டி வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

நான் போகும் கடையில் பார்சல் கிடையாது. ஒருநாள் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் "டப்பால போட்டுக் குடுங்க, போதும்" என்று கெஞ்சினார். "வீட்டுக்குப் போறதுக்குள்ள அது பீட்சாவா இருக்காதுங்க" என்று மறுத்துவிட்டார்கள். அவர் திரும்பிப் போனது பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் என் ஓட்டு அந்தக் கடைக்கே.

கரகர ஓரம்:
@நாப்போலிப் பிரியன், சங்கம் சொன்னால் என் வாய்க்குப் பிடித்துவிடுமா? இந்த "ஸ்டைலே அப்படித்தான்" என்ற பதிலைக் கேட்டு அலுத்துவிட்டது. நீங்கள் புகழும் அதே மாதிரி ஒரு கடை, வெள்ளிக்கிழமை ராத்திரி, உட்கார இடமில்லை. வந்த பீட்சாவில் ஓரம் கருகியிருந்தது. புரட்டினேன், அடி வெளுத்துக் கிடந்தது. சீஸை ஸ்பூனால் ஒதுக்கினால் அதற்குக் கீழே பிசுபிசுவென்று பச்சை மாவு, ஒரு படலம் மாதிரி. ஸ்பூனோடு இழுத்துக்கொண்டு வருகிறது! பரிமாறியவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "நாப்போலி ஸ்டைல் சார்."

சாஸ் ஈரம் வேறு, மாவு வேகாதது வேறு. ஈரமாவு சொன்னதில் அடி வெந்திருந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. என் கணக்கில் நல்ல கடை நியூயார்க் மாதிரி செய்கிற கடைதான். துண்டை நீளவாக்கில் மடித்தால் நுனி நேராக நிற்க வேண்டும். அங்கே 1905-லேயே பீட்சா கடை வந்துவிட்டது, அதுவும் நிலக்கரி அடுப்பில். பாரம்பரியம் ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

ராத்திரி ஷிப்ட்:
நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். எனக்கு எப்போதும் டெலிவரிதான். பேர்போன கடை ஒன்றில் ஆர்டர் செய்தேன். டப்பாவைத் திறந்தால் மொத்த சீஸும் மூடியோடு வந்துவிட்டது, கீழே சிவப்பாக வெறும் ரொட்டி. மூடியிலிருந்து சுரண்டித்தான் சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற சங்கிலிக் கடை போதும் என்றாகிவிட்டது. ருசி சுமார்தான், ஆனால் எப்போது வந்தாலும் ஒரே மாதிரி வரும்.

அப்புறம் ஒன்று. ஆறிப்போன பீட்சாவை யாரும் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மாவு ரப்பராகிவிடும். கனமான வாணலியை மிதமான தீயில் வையுங்கள், எண்ணெய் வேண்டாம். துண்டைப் போட்டு, அடி மொறுமொறுப்பாகும் வரை மூடாமல் விடுங்கள். பிறகு வாணலி ஓரத்தில், பீட்சாமேல் படாமல், சில சொட்டுத் தண்ணீர் விட்டு உடனே மூடுங்கள். அந்த ஆவியில் சீஸ் இளகிவிடும். ஒரு நிமிஷம் போதும், அதற்கு மேல் விட்டால் திரும்பவும் நமுத்துவிடும். டெலிவரி வந்ததும் டப்பா மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள், உள்ளே அடைபட்ட ஆவிதான் அடியை நனைக்கிறது. முடிந்தால் வெட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள். வெட்டிய கோடு வழியாக சாஸ் அடிக்கு இறங்கிவிடுகிறது. ஃப்ரிட்ஜில் வைப்பதானால் டப்பாவோடு வைக்காதீர்கள், மூடி போட்ட பாத்திரத்தில் துண்டுகளுக்கு நடுவே காகிதம் வைத்து…

கரகர ஓரம்:
யாருங்க கேட்டது இதையெல்லாம் 😄

மூலைத்துண்டு:
அமெரிக்காவின் டெட்ராய்ட் ஊர் மாதிரி செவ்வகத் தட்டில் சுடுகிற கடையை ஒருத்தரும் சொல்லவில்லையே! 1946-இலிருந்து இருக்கிற வகை. சீஸைத் தட்டின் விளிம்பு வரை போடுவார்கள், அது உருகி இரும்பில் ஒட்டி, முறுகலாய்ச் சுவர் மாதிரி நிற்கும். மூலைத் துண்டுக்கு மட்டும் இரண்டு பக்கம் அந்தச் சுவர். கடைசி மூலைத் துண்டை என் தம்பி எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான். நான் பார்ப்பதற்குள் முறுகலை மட்டும் கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்தான். இன்னும் மன்னிக்கவில்லை.

அன்னாசி ஆதரவாளர்:
அன்னாசி கேட்டதற்கு என்னைப் பார்த்துச் சிரித்த கடை எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். 1962-இல் கனடாவில் தொடங்கிய பழக்கம், நேற்று வந்ததில்லை.

முன்னாள் அடுப்படி:
விறகடுப்புக் கடை ஒன்றில் மாவு தட்டியவன் நான். ஈரமாவு, கரகர ஓரம் இருவரும் ஒரே கடைக்கே போயிருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

அடுப்புத் தளம் கல். பச்சை மாவை வைத்ததும் அந்த இடத்துச் சூட்டை மாவு குடித்துவிடும். கல் மறுபடி சூடேற நேரம் விட வேண்டும், அதுவரை வேறு இடத்தில் வைக்க வேண்டும். கூட்ட நேரத்தில் இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. ஆர்டர் சீட்டு வரிசையாகத் தொங்கும், முதலாளி பின்னாலேயே நிற்பார். விறகை அள்ளிப் போட்டால் மேலே தீ எழும்பும், ஓரம் சட்டென்று கறுக்கும், கல் மட்டும் சூடேறாமல் அப்படியே இருக்கும், அடி வேகாது. கரகர ஓரம் ஸ்பூனில் எடுத்தது அதுதான்.

ஒரு ராத்திரி புளித்த மாவு தீர்ந்துவிட்டது. மறுநாளைக்கு வைத்த உருண்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தட்டச் சொன்னார்கள். கையால் விரித்தால் சுருங்குகிறது, திரும்ப விரித்தால் திரும்பச் சுருங்குகிறது. வெளியே ஒரு பிறந்தநாள் மேசை கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன, தடித்த பீட்சா அவர்களுக்குத்தான் போனது. எல்லாரும் சூப்பர் என்றார்கள். அதுதான் இன்னும் குடைகிறது.

கரகர ஓரம்:
அப்போ எந்த நேரத்தில் போகணும், அதைச் சொல்லுங்க அண்ணே.

முன்னாள் அடுப்படி:
திறந்தவுடனே வேண்டாம், கல் முழுசாகச் சூடேறியிருக்காது. கூட்டம் சேரும் முன் போங்கள். அடுப்பு தெரிகிற இடமாக உட்காருங்கள். பீட்சா எடுத்த இடத்திலேயே உடனே அடுத்ததை வைக்கிறார்கள் என்றால், பாஸ்தா சொல்லிவிடுங்கள்.