இரண்டு வருடமாகப் போகாத பரு: கிரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் பொங்குகிறது. உதவி வேண்டும்

தேயிலைத்தளிர் (கோத்தகிரி):

வணக்கம். எனக்கு வயது 24. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடம் படித்தபோது இவ்வளவு பரு வந்ததே இல்லை. இரண்டு வருடமாகத்தான் இந்தத் தொல்லை. முதலில் நெற்றியில் பொடிப்பொடியாக வந்தது. இப்போது கன்னம், தாடை வரைக்கும் இறங்கிவிட்டது. சிலது சீழ் வைக்கிறது. சிலது தோலுக்கு அடியில் கட்டி மாதிரி இருந்து தொட்டாலே வலிக்கிறது. ஆறினாலும் அந்த இடத்தில் கருப்பாகத் தடம் நிற்கிறது.

வேப்பிலை, கஸ்தூரி மஞ்சள், முல்தானி மட்டி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஃபேஸ்வாஷ் மூன்று மாற்றினேன். பாட்டி சொன்னார்கள் என்று தைலத்தைத் தொட்டு வைத்தேன். எரிந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு மெடிக்கலில் கேட்டபோது ஒரு டியூப் கொடுத்தார்கள். அது ஒன்றுதான் கேட்டது. நான்கே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் நிறுத்திய ஒரு வாரத்துக்குள் முன்பைவிட அதிகமாக வருகிறது, முகமே சிவந்து காந்துகிறது. திரும்பப் போட்டால் அடங்குகிறது. இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

இலை கொண்டுவரும் எல்லோரும் 'முகத்துக்கு என்னம்மா ஆச்சு' என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் அக்கறையாகத்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் காலையில் வேலைக்குக் கிளம்பவே கஷ்டமாக இருக்கிறது. நிரந்தரமாகப் போக வழி இருக்கிறதா?

வெலிங்டன் அக்கா:

தங்கச்சி, எனக்கு 19 வயதில் ஆரம்பித்தது 31 வரைக்கும் இருந்தது. அதனால் நீ எழுதியிருப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. மருந்து சொல்வதற்கு முன்னால் சில விஷயம் தெரிய வேண்டும். அந்த டியூப்பில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் என்னென்ன போட்டிருக்கிறது? ஒரு எழுத்து விடாமல் எழுது. தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறாய்? குளிருக்கு முகத்தில் என்ன தடவுகிறாய்? குல்லா போடுவாயா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, தாடையில் முடி கூடியிருக்கிறதா? பரு அரிக்கிறதா, வலிக்கிறதா?

அரிப்பைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரித்தால் அது பூஞ்சையாலும் இருக்கலாம். அதற்குப் பருவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் இன்னும் அதிகமாகத்தான் ஆகும்.

மஞ்சூர் மாமா:

எல்லாம் உடம்புச் சூடுதான் அம்மா. வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் வைத்து முழுகு, வயிறு சுத்தமாகப் பார்த்துக்கொள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் போனது.

வெலிங்டன் அக்கா:

மாமா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்தப் பெண்ணுக்கு நெற்றியில்தான் முதலில் ஆரம்பித்திருக்கிறது. தலையில் வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்து துளைகளை அடைப்பதால் வரும் பரு இது என்று எனக்குச் சந்தேகம். இப்போதைக்கு எண்ணெய் முழுக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

தேயிலைத்தளிர்:

அக்கா, எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொள்வேன். மார்கழி, தையில் உறைபனி விழும்போது கன்னம் வெடிக்கும் என்று அதே எண்ணெயை முகத்திலும் தடவுவேன். விடியற்காலையில் கம்பளிக் குல்லா, அது நெற்றி வரைக்கும் வரும். குல்லா துவைத்து... ஒரு மாதம் இருக்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில்தான் முகம் கழுவுவேன், இங்கே பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. மாதவிடாய் சரியாக வருகிறது. தாடையில் முடி இல்லை, ஆனால் கன்னத்தில் பூனைமுடி கொஞ்சம் கூடியிருக்கிறது. அரிப்பு இல்லை, வலிதான். மூக்குக்கு இரண்டு பக்கமும் சிவப்பு நூல் மாதிரி தெரிகிறது.

டியூப்பில் இருப்பது: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், டிரெடினாயின் 0.025 சதவீதம், மொமெடசோன் 0.1 சதவீதம்.

மருந்தாளுநர் (குன்னூர்):

நான் 16 வருடமாக மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்கிறவன். அந்த மூன்றாவது பெயரைப் பார்த்ததும் மனது கனத்துவிட்டது. மொமெடசோன் ஒரு ஸ்டீராய்டு. இந்த மூன்றும் சேர்ந்த களிம்பு பருவுக்கானது இல்லை. மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுக்கு, டாக்டர் பார்வையில், சில வாரம் மட்டும் போடுவதற்கு உள்ளது. உங்களுக்குக் கொடுத்தவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நான்கு நாளில் பளிச்சென்று ஆனது எப்படி என்று சொல்கிறேன். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், தோலில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். சிவப்பு போய்விடும். கூடவே ஹைட்ரோகுவினோன் நிறத்தை வெளுக்கவைக்கும். பார்ப்பதற்குக் குணமான மாதிரி இருக்கும். ஆனால் துளையில் அடைப்பு அப்படியே இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். நீங்கள் சொன்ன சிவப்பு நூல், கூடின பூனைமுடி இரண்டும் இதனால் வருவதுதான். ஸ்டீராய்டே தனியாகப் பருவையும் கிளப்பும். நிறுத்தினால் சுருங்கிக் கிடந்த ரத்தக்குழாய்கள் விரிந்து முகம் காந்தும். அந்த எரிச்சல் தாங்காமல் திரும்பப் போடுவீர்கள். நீங்கள் எட்டு மாதமாக மாட்டிக்கொண்டிருப்பது இதில்தான். இது உங்கள் தப்பு இல்லை.

2018-லேயே இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். அப்படியும் 'சிவப்பழகு கிரீம் கொடுங்க' என்று கேட்டால் சில இடங்களில் இதுதான் கைக்கு வருகிறது. என் தொழிலில் இருப்பவர்கள் செய்வதால் எனக்கு இது ரொம்ப வருத்தம்.

நாளைக்கே டியூப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டிலேயே சமாளிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். தோல் டாக்டரைப் பாருங்கள். எப்படி நிறுத்துவது, அப்போது பொங்குவதற்கு என்ன கொடுப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். காலி டியூப்பை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

தேயிலைத்தளிர்:

படித்துவிட்டு அழுதுவிட்டேன். எட்டு மாதமாக நானே காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறேன். கோயம்புத்தூர்தான் போக வேண்டுமா?

வெலிங்டன் அக்கா:

அழாதே. கோயம்புத்தூர் வரைக்கும் போகத் தேவையில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டு. காலையில் நேரமே போய் சீட்டு போட்டுவிடு. போகும் அன்றைக்கு முகத்தில் எதுவும் பூசாதே. பழைய போட்டோ இருந்தால் போனில் எடுத்து வைத்துக்கொள், பேச்சு வராவிட்டாலும் காட்டிவிடலாம். இன்றைக்கே குல்லாவைத் துவைத்துவிடு, உள்ளே மெல்லிசான பருத்தித் துணி வைத்துப் போடு. எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்றால் நுனிமுடிக்கு மட்டும். முகத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

தேயிலைத்தளிர் (மூன்று வாரம் கழித்து):

போய்ப் பார்த்தேன். ஒரு பெண் டாக்டர். டியூப்பைப் பார்த்ததுமே 'இன்றோடு நிறுத்து' என்றார். திட்டவில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் மோசமாகத்தான் இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் ஜெயித்துவிடலாம் என்றார். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மில்லிகிராம் தினம் ஒன்று, வாசனை இல்லாத மாய்ச்சரைசர், சன்ஸ்கிரீன். இப்போதைக்கு அவ்வளவுதான். எரிச்சல் அடங்கிய பிறகுதான் பருவுக்கான ஜெல் தருவாராம்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஐந்தாம் நாளிலிருந்து முகம் அடுப்புப் பக்கத்தில் வைத்த மாதிரி காந்தியது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பழைய டியூப்பை ஒரு ராத்திரி கையில் எடுத்துவிட்டேன். இந்த இழையைத் திறந்து மருந்தாளுநர் அண்ணன் எழுதியதை மறுபடி படித்தேன். டியூப்பைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். இங்கே பாதி நாள் மூடுபனிதான். சன்ஸ்கிரீன் உண்மையிலேயே தேவையா?

மருந்தாளுநர் (குன்னூர்):

குப்பையில் போட்டதற்கு என் வாழ்த்து, தங்கச்சி. சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கோத்தகிரி 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிராக இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது. மூடுபனியையும் தாண்டி அந்தக் கதிர் வரும். அதோடு டாக்சிசைக்ளின் சாப்பிடும்போது தோல் வெயிலுக்குச் சீக்கிரம் வெந்துபோகும். கருப்புத் தடம் நிற்பதற்கும் வெயில் ஒரு காரணம். மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும்.

கூடலூர்க்காரன்:

எனக்கு முதுகு முழுக்கக் கட்டிப் பரு இருந்தது. ஐசோடிரெடினாயின் மாத்திரை ஏழு மாதம் சாப்பிட்டுத்தான் போனது. மூன்று வருடமாகத் திரும்ப வரவில்லை. தங்கச்சிக்கும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். உதடு மட்டும் பாளம் பாளமாக வெடித்தது, ரத்தப் பரிசோதனை அவ்வப்போது எடுத்தார்கள்.

வெலிங்டன் அக்கா:

தம்பி, அது நல்ல மருந்துதான், எனக்கும் 31 வயதில் அதுதான் கைகொடுத்தது. ஆனால் பெண்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடாக இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தங்கச்சி, உனக்கு அது தேவைப்படாமலே போகலாம். முதலில் ஜெல்லைப் பார்.

தேயிலைத்தளிர் (ஐந்து வாரம் கழித்து):

எரிச்சல் நின்றுவிட்டது. இப்போது அடாபலீன் 0.1 சதவீதம் ஜெல் கொடுத்திருக்கிறார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி. போட ஆரம்பித்து 12 நாள் ஆகிறது. தோல் உரிகிறது, புதிதாகப் பொடிப்பரு வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

வெலிங்டன் அக்கா:

நிறுத்தாதே! நானும் இந்த இடத்தில்தான் மூன்று தடவை நிறுத்தி மூன்று வருடத்தை வீணாக்கினேன். அடைபட்டுக் கிடந்தது வெளியே வரும்போது முதல் சில வாரம் இப்படித்தான் இருக்கும். சரியாகப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். எப்படிப் போடுகிறாய்?

தேயிலைத்தளிர்:

முகம் கழுவின கையோடு, பரு இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக.

வெலிங்டன் அக்கா:

இரண்டுமே சரியில்லை. முகம் கழுவித் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிடு, ஈரத்தில் போட்டால் எரிச்சல் அதிகம். ஒரு பட்டாணி அளவு ஜெல் முகம் முழுவதற்கும் போதும். வந்த பருவுக்குப் பொட்டு வைப்பதற்கான மருந்து இல்லை இது. இனி வரப்போவதைத் தடுப்பதற்கு, அதனால் எல்லா இடத்திலும் மெல்லிசாகத் தடவு. கண், உதட்டோரம் வேண்டாம். முதலில் மாய்ச்சரைசர், அதற்கு மேல் ஜெல் என்றும் போடலாம், உரிவது குறையும். இதையும் கர்ப்ப காலத்தில் போடக்கூடாது, நினைவில் வை.

மருந்தாளுநர் (குன்னூர்):

அடுத்த கட்டமாக டாக்டர் பென்சாயில் பெராக்சைடு எழுதினால் ஒன்று கவனியுங்கள். 5, 10 சதவீதம் எல்லாம் வேகமாக வேலை செய்யும் என்று நினைப்பார்கள். 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிச்சல் குறைவு. துண்டு, தலையணை உறை எல்லாம் சாயம் வெளுக்கும், வெள்ளைத் துணியாக வைத்துக்கொள்ளுங்கள். கிளிண்டாமைசின் ஜெல் எழுதினால் அதைத் தனியாக மாதக்கணக்கில் போடாதீர்கள். கிருமி பழகிப்போய் மருந்து கேட்காது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் போடும்போது அந்தச் சிக்கல் குறையும். டாக்சிசைக்ளினையும் டாக்டர் சொன்ன தேதியில் நிறுத்திவிட வேண்டும், பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் போவதில்லை.

தேயிலைத்தளிர் (நான்கு மாதம் கழித்து):

எல்லோருக்கும் வணக்கம். மாத்திரை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. அடாபலீன் இப்போது தினமும் ராத்திரி, காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். ஜெல் ஆரம்பித்து ஒன்பதாவது வாரம் வரைக்கும் எனக்கு நம்பிக்கையே இல்லை. அப்புறம் ஒரு நாள் முகம் கழுவும்போது கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மாதவிடாய்க்கு முன்னால் தாடையில் ஒன்று இரண்டு வருகிறது, ஒரு வாரத்தில் அமுங்கிவிடுகிறது. மூக்கோரத்துச் சிவப்பு நூல் மங்கியிருக்கிறது, முழுசாகப் போகவில்லை. தடம் மட்டும் இன்னும் இருக்கிறது.

வெலிங்டன் அக்கா:

தடத்துக்கு அசெலாயிக் அமிலம் பற்றி அடுத்த தடவை டாக்டரிடம் கேள். அதற்கும் மாதக்கணக்கு ஆகும். சன்ஸ்கிரீனை விடாதே. குல்லா?

தேயிலைத்தளிர்:

நான்கு வாங்கிவிட்டேன் அக்கா. வாரம் இரண்டு முறை துவைக்கிறேன்.

படுகுப்பெண் (ஊட்டி):

இப்போதுதான் இந்த இழையை முழுசாகப் படித்தேன். என் தம்பி காலேஜ் பையில் ஒரு டியூப் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், நீங்கள் எழுதின அதே மூன்று பெயர். நண்பர்கள் எல்லோரும் போடுகிறார்கள் என்கிறான். என்ன செய்யட்டும்?

தேயிலைத்தளிர்:

எத்தனை மாதமாகப் போடுகிறான் அக்கா? நிறுத்தினால் முகம் எரிகிறதா என்று முதலில் கேளுங்கள். திட்ட வேண்டாம். டியூப் கையில் இருக்கட்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும். வியாழக்கிழமை நான் ஊட்டிக்கு மறுபரிசோதனைக்கு வருகிறேன். தோல் பிரிவு வாசலில்தான் இருப்பேன், தனியாக வரத் தயங்கினால் என்னோடு உட்காரச் சொல்லுங்கள்.