பொருள்: மறு: 'குறைநிறம்' சரிவருமா?

வணக்கம். பழைய திரைப்படங்களில் அளவோடு நிறம் ஏற்றும் முறைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியது:

> டின்ட்டிங், டோனிங், இருவண்ணப் படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'குறைநிறம்' என்று வைத்துவிடலாம். எளிமையாக இருக்கும்.

அக்கா, எளிமை சரி. ஆனால் 'குறை' என்றதும் குறைமாதம், குறைப்பிரசவம் என்றுதான் மனம் போகிறது. காசு பற்றாமல் விட்டுப்போன நிறம் என்று வாசகர் எண்ணிக்கொள்வார். 1925இல் வந்த சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. கம்பத்தில் ஏறும் கொடி மட்டும் சிவப்பு. அன்றைய பிலிமில் சிவப்பு கறுப்பாகப் பதியும் என்பதால் வெள்ளைக் கொடியைப் படம்பிடித்து, பிறகு ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் சாயம் தீட்டினார்கள். இதில் என்ன குறை?

பொதுச்சொல்லாக 'அளவுநிறம்' என்று வைப்போம். அளவுச் சாப்பாடு நினைவுக்கு வந்து சிரிப்பீர்கள். சிரியுங்கள், பொருள் அதேதான்: இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்தது.

இனி உள்வகைகள். டின்ட்டிங், டோனிங் இரண்டையும் நாம் 'சாயமேற்றல்' என்றே எழுதி வருகிறோம். ஜார்ஜ்டவுன் திரையிடலுக்குக் குறிப்பேடு எழுத உட்கார்ந்தபோது அது உதவவில்லை. டின்ட்டிங்கில் படச்சுருளையே சாயத்தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். வெளிச்சமான இடமெல்லாம் நிறம் கொள்ளும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். பகலில் எடுத்த காட்சியை நீலத்தில் முக்கினால் இரவு. விளக்கடி அறை என்றால் மஞ்சள், தீ என்றால் சிவப்பு. டோனிங் நேர் எதிர். பிலிமில் உருவத்தை உண்டாக்கும் வெள்ளியே வேதிவினையால் வேறு பொருளாக மாறுகிறது. இரும்பு உப்பு நீலம் தரும், கந்தகம் செம்பழுப்பு தரும். நிழல்தான் நிறம் பெறும், வானமும் சட்டையும் வெள்ளையாகவே இருக்கும். பழைய பிலிம் துண்டு கையில் கிடைத்தால் பல்சக்கரத் துளை ஓரத்தைப் பாருங்கள்: அங்கும் நிறம் ஏறியிருந்தால் டின்ட்டிங், ஓரம் தெளிவாக இருந்தால் டோனிங்.

ஆகவே டின்ட்டிங்குக்குத் 'தோய்நிறம்'. வினைத்தொகையாக அமைவதால் தோய்நிறப் படி, தோய்நிற நீலம் என்று தடங்கலில்லாமல் நீட்டிக்கொள்ளலாம்.

டோனிங்குக்கு ஒருவர் 'வெள்ளிமாற்று' என்று தனிமடலில் எழுதியிருந்தார். வேதியியல்படி துல்லியம்தான். ஆனால் நம் மலேசியாவில் வெள்ளி என்றால் ரிங்கிட், அதாவது பணம். 'வெள்ளிமாற்று' என்று அச்சடித்தால் பினாங்கில் பாதிப்பேர் காசு மாற்றும் கடையைத் தேடுவார்கள், மீதிப்பேர் ராசிபலன் பார்ப்பார்கள். என் பரிந்துரை 'நிழல்நிறம்'. திரையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

சிவப்பும் பச்சையும் மட்டும் கொண்டு எடுத்த தொடக்ககால டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறைக்கு 'இருநிறம்' போதும். அதில் பெரிய விவாதமில்லை என்று நினைக்கிறேன்.

– பினாங்கிலிருந்து

---

மறு: மறு: 'குறைநிறம்' சரிவருமா?

தம்பி, தோய்நிறமும் நிழல்நிறமும் எடுத்துக்கொண்டேன். நிழல்நிறம் நன்றாகவே இருக்கிறது.

விவாதமில்லை என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில்தான் எனக்கு விவாதம். இருநிறத்தை எப்படி அளவுநிறத்துக்குள் வைக்கிறீர்கள்? இரண்டு நிறம் போதும் என்று அங்கே யாரும் முடிவு செய்யவில்லை. நல்ல நீலமும் மஞ்சளும் அந்த முறையில் வரவே வராது. உங்கள் விளக்கப்படியே பார்த்தால் அதுதான் அசல் குறைநிறம். 1925இன் 'ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'வில் முகமூடி விருந்தை அந்த முறையில் எடுத்து, சிவப்பு உடையை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அது அளவுநிறம். முறைக்கு ஒரு பெயர், அதைப் பயன்படுத்தும் கலைக்கு வேறு பெயர். இரண்டையும் ஒரே வரிசையில் போடாதீர்கள்.

'நாடோடி மன்னன்' (1958) என்ன ஆகும்? முன்பகுதி கறுப்பு வெள்ளை, பின்பகுதி முழு வண்ணம். உங்கள் நாலு சொல்லில் எதுவும் அதற்குப் பொருந்தாது. 'பகுதிவண்ணம்' என்று ஒன்று சேர்த்துவிட்டுக் குறிப்பேட்டை அச்சுக்குக் கொடுங்கள்.

– கிள்ளானிலிருந்து