மும்பையில் ஒரு ஞாயிறு: மூன்று தோழிகளுக்கு வழி சொல்லுங்கள்

அலுவலக வேலையாக மும்பை வருகிறேன். சனி மாலை வரை பாந்த்ரா குர்லா வளாகத்தில் கூட்டம், திங்கள் காலை ரயில். கல்லூரித் தோழிகள் இருவர் முலுண்டிலும் செம்பூரிலும் இருக்கிறார்கள். பார்த்து ஒன்பது வருடம். மூடியில் என் பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவை ஒருத்தி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்!

மூவரும் எலிஃபண்டா குகைக்குப் போக ஆசை. திங்கள் குகைக்கு விடுமுறை, எனவே ஞாயிறுதான். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம், அப்புறம் நூற்றுச் சொச்சம் படிகள். செம்பூர்க்காரிக்கு முட்டி வலி. அவளை விட்டுவிட்டு ஏற எனக்கு மனமில்லை. டோலிக்கு இப்போது எவ்வளவு கேட்கிறார்கள்? ஞாயிறு மெகா பிளாக் (பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களைக் குறைப்பது) இருந்தால் இருவரும் கேட்வே வர எது சுலபம்? திரும்பும்போது மாட்டுங்காவில் அவசரப்படுத்தாமல் உட்காரவிடும் டிபன் கடை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.